ஒரு தேதி, ஓர் ஆள், ஒரு பள்ளிக்கூடம்: வரலாற்றைச் சொந்தமாகப் படிக்க முழுமையான வழிகாட்டி

வரலாறு படிக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் கற்காலத்தில் தொடங்கி எகிப்தில் நின்றுவிடுகிறார்கள். நானும் இரண்டு முறை அப்படி நின்றிருக்கிறேன். தடிமனான உலக வரலாற்றுப் புத்தகத்தின் முதல் அறுபது பக்கங்களில் அடிக்கோடு, ஓரக்குறிப்பு எல்லாம் இருக்கும். அதற்கப்புறம் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும். சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கோளாறு என்னிடம் இல்லை, போன வழியில்தான் இருந்தது. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை போவதற்கு வரலாறு ஒன்றும் ரயில் பாதை இல்லை.

எனக்குப் பலன் கொடுத்த வழி வேறு. ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் சிக்கிய ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும். அந்த ஆள் எங்கே படித்தார், யார் செலவு செய்தார்கள், எந்தக் கதவு அவருக்குச் சாத்தியிருந்தது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி நம்மை இன்னொரு நிகழ்வில் கொண்டுபோய் விடும்.

மேரி கியூரியைப் பாருங்கள். 1903-ல் இயற்பியல் நோபல், 1911-ல் வேதியியல் நோபல். இது எல்லோருக்கும் தெரியும். போலந்தில் பிறந்தவர் எதற்காகப் பாரிசுக்குப் போனார் என்று கேட்டுப் பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. 1863-ல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகப் போலந்துக்காரர்கள் நடத்திய கிளர்ச்சி தோற்றது. அதன் பிறகு பள்ளிகளில் ரஷ்ய மொழி திணிக்கப்பட்டது. ஆய்வக வகுப்புகளை நிறுத்தியபோது, ஆசிரியராக இருந்த அவருடைய அப்பா கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. அதனால் வீடு வீடாக இடம் மாறி ரகசியமாக நடந்த ‘பறக்கும் பல்கலைக்கழக’த்தில் அவர் படித்தார். அப்புறம் அக்காவோடு ஓர் ஒப்பந்தம்: முதலில் தங்கை வேலை பார்த்து அக்காவைப் பாரிசில் மருத்துவம் படிக்க வைப்பது, பிறகு அக்கா தங்கைக்கு உதவுவது. 1891-ல்தான் மேரியால் ரயில் ஏற முடிந்தது. நோபல் பரிசில் தொடங்கிய நூலிழை ஒரு தோற்றுப்போன கிளர்ச்சியில் போய் முடிகிறது, நடுவில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. இந்த மாதிரி நூல் பிடித்துப் போவதற்கான படிகளைத்தான் கீழே சொல்கிறேன்.

படி 1: நூற்றாண்டை விடுங்கள், தேதியைப் பிடியுங்கள்

‘பத்தொன்பதாம் நூற்றாண்டு பற்றிப் படிக்கப் போகிறேன்’ என்றால் படிக்க மாட்டீர்கள். ‘1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடித்தபோது என்ன ஆயிற்று’ என்றால் அன்று இரவே பத்து பக்கம் ஓடிவிடும். இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் அந்த எரிமலையின் சாம்பலும் வாயுவும் மேல்வானில் பரவியதில், அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே சரியாக வரவில்லை. பயிர் அழிந்தது, பஞ்சம் வந்தது. ஒரே தேதி, ஆனால் புவியியல், விவசாயம், அரசியல் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

முதல் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது கடந்த முந்நூறு ஆண்டுகளுக்குள் இருப்பது நல்லது. கடிதம், நாளிதழ், அரசு ஆவணம் என்று ஏதாவது கிடைக்கும். பழங்கால மன்னர்களிடம் முதலிலேயே போகாதீர்கள். அங்கே சான்றுகள் குறைவு, ஊகங்கள் அதிகம். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக்கம் வேண்டும். உலகப் போர்களும் முதலில் வேண்டாம். அவை கடல், கால் நனைத்தவுடன் இழுத்துக்கொண்டு போய்விடும்.

படி 2: ஒரு முதுகெலும்பு

ஒரே ஒரு தாளில் இருபது தேதிகளை வரிசையாக எழுதி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். 1492, 1789, 1857, 1914, 1945, 1991 போன்ற பெரிய கணுக்கள் போதும். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புதிதாக ஒன்றைப் படிக்கும்போது ‘இது பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னாலா பின்னாலா’ என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளத்தான். இந்தத் தாளை அழகாகச் செய்கிறேன் என்று வண்ணப் பேனாக்களோடு இரண்டு வாரம் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் இதற்குத் தராதீர்கள்.

படி 3: ஒரே நிகழ்வை மூன்று வாய்களில் கேளுங்கள்

1748-ல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். உள்ளே பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே. மழைக்காலம் நெருங்க, அக்டோபரில் முற்றுகை தோற்றுக் கலைந்தது. இதை ஒரு பத்தியில் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஆனால் முற்றுகைக்கு உள்ளேயே இருந்த ஒருவர் தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். தூப்ளேயின் துபாஷியான (மொழிபெயர்த்துச் சொல்லும் இடையாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-லிருந்து 1761 வரை எழுதினார். மறுபக்கத்தில் ஆங்கிலேயர் தரப்பை ராபர்ட் ஆர்ம் எழுதினார். அவருடைய நூலின் முதல் தொகுதி வந்தது 1763-ல். மூன்றாவதாக, பிரெஞ்சு, ஆங்கிலேய வணிகக் கம்பெனிகள் தங்கள் தலைமையகத்துக்கு அனுப்பிய கடிதங்கள் இருக்கின்றன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரியும்: ஒருவர் அன்றைக்கே எழுதுகிறார், ஒருவர் பதினைந்து ஆண்டு கழித்து முடிவு தெரிந்தபின் எழுதுகிறார், ஒருவர் மேலிடத்தில் திட்டு வாங்காமல் இருக்க எழுதுகிறார்.

நேரில் பார்த்தவர் சொல்வதுதான் உண்மை என்று இதற்குப் பொருள் இல்லை. பிள்ளை வணிகர், அவருக்குப் போட்டியாளர்கள் இருந்தார்கள், தன்னைப் பற்றி உயர்ந்த எண்ணமும் இருந்தது. ஆளுநர் தன்னைப் புகழ்ந்ததை அவர் விரிவாக எழுதும் இடங்களில் கொஞ்சம் புன்னகையோடு படிக்கலாம். ஆனால் ஊரில் என்ன வதந்தி ஓடியது, யார் யாரைப் பார்க்கப் போனார்கள் என்பதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை. எந்தச் சான்றை எதற்காக நம்பலாம் என்று பிரித்துக் கேட்பதுதான் இங்கே வேலை.

இன்னொன்றையும் கவனியுங்கள்: நிகழ்வின் பெயரே ஒரு கருத்துதான். 1857-ஐச் சிப்பாய்க் கலகம் என்பவரும் முதல் விடுதலைப் போர் என்பவரும் ஒரே சம்பவங்களைத்தான் சொல்கிறார்கள். பெயர் வைத்தவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும். அதற்கும் முன்னால், 1806 ஜூலை 10 அன்று வேலூரில் சிப்பாய்கள் எழுந்ததைப் பட்டியலில் சேர்த்தால் ‘முதல்’ என்ற சொல்லே சண்டைக்கு வந்துவிடுகிறது.

படி 4: தேதிகள் வைக்கும் பொறிகள்

ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நவம்பர் 7-ல் கொண்டாடப்படும். அங்கே அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டி. அதன்படி 1917 அக்டோபர் 25. போப் கிரெகோரி 1582-ல் நாட்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. பிரிட்டன் இதை 1752-ல்தான் ஏற்றது. அங்கே செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. இதனால்தான் ஷேக்ஸ்பியரும் ஸ்பெயினின் செர்வாண்டிசும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23-ல், இறந்தார்கள் என்ற அழகான செய்தி உடைந்துபோகிறது. ஸ்பெயினில் அப்போது புது நாட்காட்டி, இங்கிலாந்தில் பழையது. இரண்டு சாவுக்கும் இடையில் குறைந்தது பத்து நாள் இருக்கிறது. போதாததற்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22-ல், அடக்கம் செய்ததுதான் 23-ல் என்பதையே இன்று பலரும் ஏற்கிறார்கள்.

பழைய தமிழ் ஆவணங்களில் பொறி இன்னும் பெரியது. ‘பிரபவ வருடம்’ என்று மட்டும் இருந்தால் அது 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ? அறுபது ஆண்டுச் சுழற்சியில் மூன்றும் பிரபவதான். காகிதத்தில் வரும் ஆட்களின் பெயர், நாணயம், அதிகாரிப் பதவி இவற்றை வைத்துத்தான் எந்தச் சுற்று என்று முடிவு கட்ட முடியும்.

படி 5: பெரியவர்களின் வாழ்க்கையைப் படிக்கும் விதம்

இங்கேதான் நாம் அதிகம் ஏமாறுகிறோம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கணித மேதை ராமானுஜன், 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தா என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். பல்கலைக்கழகப் படிப்பு தனக்கு இல்லை, சாதாரணப் பள்ளிப் படிப்புதான் என்கிறார். வயது சுமார் 23 என்கிறார். கையில் இருப்பது அவருடைய சொந்தக் கடிதம். இதைவிட நல்ல சான்று என்ன வேண்டும்?

இப்போது கணக்குப் போடுங்கள். அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22. கடிதம் எழுதிய அன்று அவருக்கு 25 வயது முடிந்திருந்தது. இரண்டு வயது ஏன் குறைந்தது என்று நாம் ஊகிக்கலாம்: இளைஞன் என்றால் வாய்ப்பு கொடுப்பார்கள் என்று நினைத்திருக்கலாம், ‘சுமார்’ என்று தளர்வாகவும் எழுதியிருக்கலாம். எப்படியானாலும் மூலச்சான்று தன் ஆசிரியரின் வயதிலேயே தவறுகிறது.

படிப்பு பற்றிய வரியையும் பாருங்கள். அவர் கல்லூரி வாசலை மிதிக்காதவர் அல்ல. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். ஆங்கிலத்தில் தவறியதால் தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் கணக்கைத் தவிர மற்றவை காலை வாரின. இரண்டு முறை தேர்ச்சி பெறவில்லை. ஆக, ‘படிக்காத மேதை’ என்று நாம் பேசிக்கொள்வது பாதி உண்மை. கல்லூரி அவரைப் படிக்க வைக்க முயன்று தோற்றது என்பதுதான் நடந்தது. கடிதத்துக்கு முன்பே, 1911-ல், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்துவிட்டது. ஹார்டி ‘கண்டுபிடிக்கும்’ முன்பே சென்னையில் சிலர் அவரைக் கண்டுகொண்டிருந்தார்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் அடுத்த வகுப்பு என்ற அந்தத் தேர்வுமுறை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 1857-க்குப் போகிறோம். அந்த ஆண்டில்தான் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தொடங்கின. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து, பாடம் நடத்துவதைக் கல்லூரிகளிடம் விட்டுவிட்டு, தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்புகளாகவே அவை இருந்தன. அதற்கு அடிப்படை, இந்தியக் கல்வி பற்றி 1854-ல் லண்டனிலிருந்து வந்த உட் அறிக்கை. ஒரு தனிமனிதரின் தோல்விக்குப் பின்னால் ஒரு கல்விக் கொள்கை நிற்பதை இப்படித்தான் பார்க்க வேண்டும்.

எந்த வாழ்க்கையை எடுத்தாலும் நான் கேட்பது இவைதான்.

முதலாவது, இந்தக் கதையை முதலில் எழுதியவர் யார், எப்போது? கலிலியோ பைசா கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்ட கதையை எழுதியவர் அவருடைய மாணவர் விவியானி, அதுவும் 1654-ல், கலிலியோ இறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து. கலிலியோ தன் எழுத்தில் எங்கும் இதைச் சொல்லவில்லை. நியூட்டனின் ஆப்பிள் அப்படி இல்லை. முதுமையில் அவரே நண்பர் ஸ்டக்லியிடம் சொன்னது. ஆனால் அது தலையில் விழுந்ததாக அவர் சொல்லவில்லை. அதை நாம் சேர்த்துக்கொண்டோம்.

இரண்டாவது, கூட இருந்தவர்கள் எங்கே போனார்கள்? பெனிசிலின் என்றால் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1928-ல் பூஞ்சை கிருமியைக் கொல்வதைப் பார்த்தவர் அவர்தான். ஆனால் அதை மருந்தாக்கியது ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் இருந்த குழு. போர்க்காலத்தில் சாமான் கிடைக்காமல், படுக்கை நோயாளிகளின் மலத்தட்டைப் போன்ற பாத்திரங்களில் பூஞ்சை வளர்த்தார்கள். 1941 பிப்ரவரியில் ஒரு காவலருக்கு முதலில் ஊசி போட்டார்கள், தேறிவந்தார். மருந்து தீர்ந்துபோய், அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி போட்டுப் பார்த்தார்கள். போதவில்லை, மார்ச்சில் இறந்துவிட்டார். 1945 நோபல் ஃபிளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் போனது. பரிசு மூன்று பேருக்கு மேல் தருவதில்லை. ஹீட்லிக்கு ஆக்ஸ்ஃபோர்டு கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது 1990-ல்.

மூன்றாவது, மதிப்பெண் கதைகளா? அந்த ஊர் அளவுகோலைப் பாருங்கள். ஐன்ஸ்டைன் கணக்கில் தோற்றார் என்று, தேர்வில் தவறிய பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லப் பயன்படுத்துகிறோம். நல்ல எண்ணம்தான், ஆனால் தவறு. 1895-ல், வழக்கமான வயதுக்கு இரண்டு ஆண்டு முன்பே, சூரிச் தொழில்நுட்பக் கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதினார். கணக்கும் இயற்பியலும் நன்றாகவே செய்தார், மற்ற பாடங்கள் காலை வாரின. ஓராண்டு ஆரவ் ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டுச் சேர்ந்தார். அந்தப் பள்ளிச் சான்றிதழில் இயற்கணிதத்துக்கு 6. சுவிட்சர்லாந்தில் 6 தான் உச்சம். ஜெர்மனியில் 1 உச்சம். பக்கத்து நாட்டுக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் முதல் மாணவரே கடைசி மாணவராகத் தெரிவார்.

படி 6: பள்ளிக்கூடத்தின் கதையையும் வரலாறாகவே படியுங்கள்

கல்வி வரலாறு என்றால் சட்டங்களின் பட்டியல் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சட்டத்தை விட்டுவிட்டு வகுப்பறைக்குள் எட்டிப் பாருங்கள்.

ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற பையன்களுக்கான விடுதிப் பள்ளியைக் கவனித்துக்கொண்டார். ஒரு நாள் வெளியே போனபோது ‘மலபார்’ பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். (பழைய ஆங்கில ஆவணங்களில் ‘மலபார்’ என்று வந்தால் உடனே கேரளா என்று நினைத்துவிடாதீர்கள், தமிழர்களையும் அப்படித்தான் எழுதினார்கள்.) தன் பள்ளியிலும் மணல் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் முரண்டு பிடித்தார்கள். அதனால் எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்ன வகுப்புக்கு அவனையே சொல்லிக்கொடுக்க வைத்தார். வேலை நடந்தது. மெல்ல மெல்லப் பள்ளி முழுவதும் பையன்களே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை வந்தது.

திண்ணைப் பள்ளிகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதில்லை. வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளை இருப்பானே, அதேதான். 1797-ல் லண்டனில் பெல் இதை அறிக்கையாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஜோசஃப் லங்காஸ்டர் அங்கே ஏறக்குறைய இதே மாதிரி பள்ளி ஒன்றைத் தொடங்கினார். யார் முதலில் என்று இருவரின் ஆதரவாளர்களும் பல ஆண்டு சண்டை போட்டார்கள். ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதால், தொழிற்சாலை நகரங்கள் வளர்ந்துகொண்டிருந்த பிரிட்டனில் ‘மெட்ராஸ் முறை’ பரவியது. செலவு குறைவு என்பதுதான் பெரிய கவர்ச்சி. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வர வர, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது மங்கிப்போனது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், பெல் விட்டுச்சென்ற பணத்தில் தொடங்கிய மேல்நிலைப் பள்ளியின் பெயர் இன்றும் மெட்ராஸ் காலேஜ்தான்.

ஒரு கல்விப் போக்கைப் படிக்கும்போது கேட்க வேண்டியது எல்லாம் இந்தக் கதைக்குள் இருக்கிறது: எங்கே பிறந்தது, எந்தப் பிரச்சினைக்கு மலிவான மருந்தாக விற்கப்பட்டது, யாரால் நின்றது.

படி 7: இன்றைய போக்குகளையும் புள்ளிவிவரங்களையும் படிப்பது

‘இனி வகுப்பறையே தேவையில்லை’ என்ற செய்தியைப் பார்த்தால் எனக்கு 1913 ஞாபகம் வரும். அந்த ஆண்டு தாமஸ் எடிசன், பள்ளிகளில் புத்தகங்கள் சீக்கிரமே ஒழிந்துவிடும், பத்து ஆண்டில் எல்லாம் சினிமாப் படம் மூலம் கற்பிக்கப்படும் என்று சொன்னார். பிறகு வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது. 1950-களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் கற்பிக்கும் இயந்திரம் வந்தது. 2012-ல் பெரும் இணையவழிப் படிப்புகள் வந்தன. லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் சொற்பம். இப்போது செயற்கை நுண்ணறிவு. எதுவும் வீண் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மூலையில் தங்கிவிட்டது. ஆனால் அறிவித்தவர்கள் சொன்ன இடத்தில் தங்கவில்லை.

எண்களுக்கு வருவோம். எந்த எண்ணைப் பார்த்தாலும் முதல் கேள்வி, எதை எண்ணினார்கள் என்பது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1951-ன் எழுத்தறிவு 18.33 சதவீதம், 2011-ல் சுமார் 73. வளர்ச்சி உண்மைதான். ஆனால் முதல் எண் 5 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டது, இரண்டாவது 7 வயதுக்கு மேல். அளவுகோல் மாறியிருக்கிறது என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொரு எண் பலரைக் குழப்பும்: சேர்க்கை விகிதம் 108 சதவீதம்! நூறைத் தாண்டுவது எப்படி? ஓர் உதாரணம். ஓர் ஊரில் 6 முதல் 10 வயதுக் குழந்தைகள் 100 பேர் என்று வையுங்கள். அவர்களில் 90 பேர் தொடக்கப் பள்ளியில் இருக்கிறார்கள். அதே வகுப்புகளில், தாமதமாகச் சேர்ந்தும் ஒரே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தும் 11, 12 வயதில் 18 பேர். ஆக வகுப்பில் 108 பேர். இதை 100-ஆல் வகுத்தால் 108 சதவீதம். இது மொத்தச் சேர்க்கை விகிதம். செய்தியில் ‘நூறு சதவீதத்தையும் தாண்டிய சாதனை’ என்று வரும். ஆனால் பத்துக் குழந்தைகள் இன்னும் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள். சரியான வயதில் இருப்பவர்களை மட்டும் எண்ணும் நிகர விகிதத்தைத் தேடினால்தான் அந்தப் பத்துப் பேர் கண்ணில் படுவார்கள். சேர்ந்தவர்கள் தினமும் வருகிறார்களா, வந்தவர்கள் வாசிக்கிறார்களா என்பதெல்லாம் வேறு வேறு எண்கள்.

இரண்டாவது கேள்வி காலதாமதம். பல நாடுகளின் 15 வயது மாணவர்களைச் சோதித்து ஒப்பிடும் பீசா தேர்வு 2000-ல் தொடங்கியபோது பின்லாந்து வாசிப்பில் முதலிடம் பிடித்தது. உலகம் முழுவதிலுமிருந்து அதிகாரிகள் விமானம் ஏறி, அன்றைய வகுப்பறைகளைப் பார்க்கப் போனார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பொதுப் பள்ளியில் சேர்த்த பின்லாந்தின் சீர்திருத்தம் 1970-களில் நடந்தது. அவர்கள் போய்ப் பார்த்தது விளைந்த பயிரை; விதை எப்போது போட்டது என்று பலர் கேட்கவில்லை. பின்னர் 2006-க்கு அப்புறம் பின்லாந்தின் மதிப்பெண்கள் சரியத் தொடங்கின. கல்வியில் இன்று தெரியும் விளைவுக்கு இன்றைய அமைச்சரைப் பாராட்டுவதும் திட்டுவதும் பெரும்பாலும் தவறான விலாசத்துக்குப் போகும் கடிதம்தான்.

படி 8: மேற்கோளைக் கண்டால் தேதியைத் தட்டுங்கள்

இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வாதாடிய பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலே 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக ஒரு மேற்கோள் சுற்றிக்கொண்டே இருக்கிறது: இந்தியா முழுவதும் சுற்றிப் பார்த்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இவர்களுடைய முதுகெலும்பை உடைக்க வேண்டும் என்கிற மாதிரி. நானும் ஒரு காலத்தில் இதை நம்பி நாலு பேருக்கு அனுப்பியவன்தான்.

ஒரே ஒரு கேள்வியில் இது சாய்ந்துவிடும்: அன்றைக்கு அவர் எங்கே இருந்தார்? மெக்காலே 1834 ஜூனிலேயே சென்னையில் வந்து இறங்கிவிட்டார். 1835 பிப்ரவரி 2-ல் கல்கத்தாவில் உட்கார்ந்து ஆங்கிலக் கல்வி பற்றிய குறிப்பை எழுதினார். லண்டனில் பேசியிருக்க வழியே இல்லை. அந்தக் குறிப்பில் பிச்சைக்காரன் வரியும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், உண்மையான குறிப்பு போலியைவிடக் காட்டமானது. நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஓர் அலமாரித் தட்டு இந்தியாவின், அரேபியாவின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடு என்று அதில் எழுதியிருக்கிறார். கோபப்பட வேண்டும் என்றால் அதற்கு அசலே போதும்.

சரிபார்க்கும் வரிசை: தேதி, இடம், மூல ஆவணம். மூல ஆவணம் என்று எதுவும் கிடைக்காமல், ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டும் பக்கங்கள் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தால் கையை எடுத்துவிடலாம்.

படி 9: எங்கே தேடுவது, எப்படிக் குறிப்பது

விக்கிப்பீடியாவில் தொடங்குவதில் வெட்கமில்லை, அங்கேயே முடிப்பதுதான் தவறு. கட்டுரையைவிட அடியில் இருக்கும் சான்றுகளும், மேலே இருக்கும் உரையாடல் பக்கமும் அதிகம் சொல்லும். எதைப் பற்றி ஆட்கள் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று அங்கேதான் தெரியும். பழைய நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ், தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ என்ற இணையதளம், பழைய நாளிதழ்களுக்கு ஆஸ்திரேலியாவின் ட்ரோவ். எல்லாம் இலவசம்.

குறிப்புக்கு ஒரு நிகழ்வுக்கு ஒரு பக்கம் போதும். என் பெனிசிலின் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: மேலே தேதியும் இடமும். அடுத்து ‘எல்லோரும் சொல்வது: ஃபிளெமிங் தற்செயலாகக் கண்டுபிடித்தார்’. அதன் கீழ் ‘ஆவணம் சொல்வது: 1928-ல் பார்த்தது ஒருவர், 1941-ல் மருந்தாக்கியது ஒரு குழு’. கடைசியில் ‘பள்ளி: செயின் ஜெர்மனியில் படித்த யூதர், 1933-ல் ஏன் இங்கிலாந்து வந்தார்?’ அந்தக் கடைசிக் கேள்விதான் அடுத்த மாதத்துக்கான படிப்பு. கேள்வி இல்லாமல் முடிந்த பக்கத்தை நான் முடிந்ததாகவே எடுத்துக்கொள்வதில்லை.

நேரம்? ஒரு நாளைக்கு அரை மணி, ஒரு மாதத்துக்கு ஒரு நிகழ்வு. முதல் வாரம் கதையைப் படியுங்கள், இரண்டாம் வாரம் எதிர்த்தரப்பை, மூன்றாம் வாரம் ஓர் ஆளையும் அவர் படித்த இடத்தையும். நான்காம் வாரம் யாரிடமாவது பத்து நிமிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். எங்கே திக்குகிறீர்களோ அங்கே உங்களுக்குப் புரியவில்லை.

எங்கே தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை என்றால் இதோ ஒரு நூல்முனை. தேதி 1840: பிரிட்டனில் எவ்வளவு தூரமானாலும் ஒரு பென்னி கொடுத்தால் கடிதம் போகும் என்று தபால் கட்டணம் குறைந்தது. ஆள்: ஐசக் பிட்மன். அதே ஆண்டில் சுருக்கெழுத்துப் பாடத்தைத் தபாலில் அனுப்பி, மாணவர்கள் எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பி அனுப்பத் தொடங்கினார். பள்ளிக்கூடம்: தபால் பெட்டி. அந்தப் பாடங்களைக் கற்றவர்கள் யார், கற்றுக்கொண்டு எந்த வேலைக்குப் போனார்கள் என்று முதல் வாரத்தில் தேடிப் பாருங்கள்.